மலை வண்டியை வாங்கலாமா? ஏற்காட்டு கிராண்ட் ஐ10: ஒரு நிகழ்வு ஆய்வு

சேலத்தில் பழைய கார் தேடுகிறவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, "எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், ஏற்காட்டு வண்டி மட்டும் வேண்டாம்" என்பதுதான். கிளட்ச் தேய்ந்திருக்கும், பிரேக் தீய்ந்திருக்கும், இன்ஜின் காலமெல்லாம் முக்கிக்கொண்டே ஓடியிருக்கும் என்பார்கள். நானும் பல ஆண்டுகள் இதையே ஊருக்குச் சொல்லிவந்தவன்தான். 2024-இல் என் சித்தி மகளுக்கு நான் பார்த்து முடித்துக் கொடுத்தது ஒரு ஏற்காட்டு வண்டி. ஏன் அப்படி ஆயிற்று, பார்த்தபோது என்னென்ன கிடைத்தன, நான் எதைக் கோட்டைவிட்டேன் என்பதையெல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். அடிபட்ட வண்டியைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதும் சர்வேயர் நான். வண்டிகளை அவற்றின் கெட்ட நாளில் மட்டுமே பார்த்துப் பழகியதால் ஒரு குணக்கேடு ஒட்டிக்கொண்டது. எந்தக் காரைக் கண்டாலும் எங்கே டிங்கரிங் நடந்திருக்கும் என்றுதான் கண் தேடும். கல்யாண வீட்டு வாசலில் நிற்கும் வண்டிகளையும் விடுவதில்லை. மனைவிக்கு இதில் வருத்தம் உண்டு.

தேவை என்ன

தங்கை அரசுப் பள்ளி ஆசிரியை. வீடு கோரிமேட்டில், பள்ளி ஏற்காட்டைத் தாண்டி நாகலூர்ப் பக்கத்தில். போக வர ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஆண்டுக்கு 200 வேலை நாள் என்று வைத்தால் 12,000 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி அடிவாரத்திலிருந்து மேலே போகும் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட மலைப்பாதை. அதுவரை ஏற்காட்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். இரண்டாவது பஸ் தவறினால் ஸ்கூட்டர் வைத்திருக்கும் சக ஆசிரியையின் தயவு. ஐப்பசி மூடுபனியில் பத்தடிக்கு முன்னால் வரும் லாரி தெரியாத பாதையில் இரண்டு ஆசிரியைகள் ஸ்கூட்டரில் போவதை மாப்பிள்ளையால் பொறுக்க முடியவில்லை. ஆசிரியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் போட்டு, கையிலிருப்பதைச் சேர்த்து, நாலு லட்சம் வரை தேறும் என்று என்னிடம் வந்தார்கள்.

ஹூண்டாய்தான் வேண்டும் என்று முடிவு செய்தது நான். இதில் பக்தி எதுவும் இல்லை. இந்தியாவில் 1996-இல் கம்பெனி தொடங்கி, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஆலை போட்டு, 1998-இல் சான்ட்ரோவை இறக்கினார்கள். அன்று சான்ட்ரோவைப் பிரித்துக் கற்ற பையன்கள் இன்று சேலத்தில் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார்கள். உதிரிபாகம் கேட்டால் கடைக்காரர் புத்தகத்தைப் புரட்டுவதில்லை, நேராக அலமாரிக்குக் கையை நீட்டுகிறார். பழைய வண்டியின் நம்பகம் என்று நான் எண்ணுவதில் பாதி இதுதான். கியாவும் கொரியாவின் கம்பெனிதான். ஆனால் அனந்தபூர் ஆலையிலிருந்து அவர்களுடைய முதல் கார் வந்தது 2019-இல். நாலு லட்சத்துக்கு நல்லதாக ஒன்று கிடைக்கும் அளவுக்கு அவை அப்போது இறங்கியிருக்கவில்லை.

ஹூண்டாயிலும் 1.2 லிட்டர் கப்பா பெட்ரோல் இன்ஜின் உள்ள வண்டி என்று வரையறுத்துக்கொண்டேன். பழைய சான்ட்ரோவிலும் முதல் ஐ10-இன் 1.1 லிட்டர் இன்ஜினிலும் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைப்பது டைமிங் பெல்ட். அது ரப்பர், குறித்த காலத்தில் மாற்றாமல் விட்டு அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பழைய வண்டியில் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று விற்பவருக்குத் தெரிந்திருப்பது அபூர்வம். கப்பாவில் இருப்பது செயின். ஆயிலை ஒழுங்காக மாற்றியவர் கையில் இருந்திருந்தால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இப்படி வடிகட்டியதில் 2013-இல் வந்த கிராண்ட் ஐ10, அதே குடும்பத்து எக்ஸென்ட், எலைட் ஐ20 என்று மூன்று மாடல்கள் நின்றன.

இன்னொரு நிபந்தனையும் போட்டேன். 2014-இல் குளோபல் என்கேப் என்ற பாதுகாப்புச் சோதனை அமைப்பு ஐந்து இந்தியச் சிறு கார்களை மோதிப் பார்த்தது. அதில் ஐ10 உட்பட ஐந்துமே பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. எல்லாமே ஏர்பேக் இல்லாத அடிப்படை ரகங்கள். ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். அதற்கு முந்தைய வண்டிகளில் எந்த ரகத்தில் ஏர்பேக் உண்டு, எதில் இல்லை என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே ஸ்டீயரிங்கிலும் டேஷ்போர்டிலும் ஏர்பேக் எழுத்தைக் கண்ணால் பார்க்காமல் பேச்சே இல்லை என்றேன்.

டாக்டர் ஓட்டிய வண்டி

முதலில் பார்த்தது கொண்டலாம்பட்டிப் பக்கம் பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்கில் நின்ற 2018 எலைட் ஐ20. வெள்ளை நிறம், மீட்டரில் 31,000, சந்தை விலையைவிட அறுபது எழுபதாயிரம் குறைவு. "டாக்டர் ஓட்டிய வண்டி சார்" என்றார்கள். சேலத்தில் விற்பனைக்கு வரும் கார்களில் பாதியை டாக்டர்கள் ஓட்டியிருக்கிறார்கள். மீதியை டாக்டர் வீட்டம்மா ஓட்டியிருக்கிறார்.

பதிவு சென்னை. அதைப் பார்த்ததும் நான் பானட்டைத் திறக்கவில்லை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தேன். எல்லோரும் மார்பளவுக்கு இழுத்து விட்டுவிடுவார்கள். நான் அது முடியும் வரை இழுத்தேன். தூணுக்குள் சுருண்டிருந்த கடைசி முழத்தில், குறுக்கே ஒரு பழுப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே துணி கொஞ்சம் விறைப்பு, மேலே மிருது. கன்சல்டிங்காரரிடம் காட்டினேன். டீக்கறை என்றார். அந்த இடத்தில் டீ சிந்த வேண்டுமென்றால் குடித்தவர் தூணுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது வெளி மாவட்ட சர்வேயர்களையும் அங்கே அழைத்தார்கள். வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் வரிசை வரிசையாக நின்ற கார்களில் வெள்ளநீர் விட்டுப்போன இந்தக் கோட்டை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகும் அதே கதை. முழுச் சேதம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்து முடித்த வண்டிகள் ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போகின்றன. காயவைத்து, கார்ப்பெட் மாற்றி, வாசனைத் திரவம் அடித்து, சென்னையை அறியாத ஊர்களுக்கு வருகின்றன. கொஞ்ச காலம் ஓடவும் செய்யும். ஒயர் முனைகளில் பச்சை பூத்து, கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஈரம் அரித்து, ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து நட்டநடு ரோட்டில் நிற்கும். இருக்கைக்குக் கீழே கையைவிட்டுத் தண்டவாளத்தின் போல்ட்டைத் தடவினேன். விரலில் துரு ஒட்டியது. புதுக் கார்ப்பெட், பழைய துரு. எழுந்து வந்துவிட்டோம்.

இரண்டாவது, அம்மாபேட்டையில் ஒரு புரோக்கர் காட்டிய எக்ஸென்ட். டி-போர்டாக, அதாவது டாக்சியாக ஓடி, சொந்த உபயோகத்துக்கான ஓன் போர்டாக மாறிய வண்டி. அதை மறைத்ததுதான் பிடிக்கவில்லை. மீட்டரில் 82,000, ஆனால் பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுவென்று ஆகியிருந்தது. டாக்சிக்குப் பொருத்தும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றியவர்கள் ஒயரை வெட்டி அப்படியே சுற்றிவைத்திருந்தார்கள். பத்து நிமிடத்தில் முடிந்தது அந்தப் பார்வை.

ரைட்டரின் நோட்டு

மூன்றாவது வண்டி தங்கையின் தலைமையாசிரியர் வழியாக வந்தது. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுபவராக இருந்து ஓய்வு பெற்றவர், கோயம்புத்தூரில் மகள் வீட்டோடு போய்விடப் போகிறார். 2017 கிராண்ட் ஐ10, பெட்ரோல், ஸ்போர்ட்ஸ் ரகம், முதல் உரிமையாளர், 71,400 கிலோமீட்டர். கேட்ட விலை 4,25,000.

மலை வண்டி என்றதுமே நான் தயங்கினேன். "அண்ணா, ஒரு முறை வந்து பாருங்கள். பிடிக்காவிட்டால் மிளகு வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்" என்றாள் தங்கை. செப்டம்பர் இரண்டாவது ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவர் வீட்டில் இருந்தோம். அவ்வளவு சீக்கிரம் போனதற்குக் காரணம் உண்டு. பானட்டின் மேல் கையை வைத்தேன். பனியில் நனைந்து சில்லென்று இருந்தது. நம் வருகைக்காக முன்கூட்டியே சூடாக்கி வைக்கப்படாத இன்ஜின் என்று பொருள். நோய் உள்ள இன்ஜின் குளிர்ந்த நிலையில்தான் உண்மை பேசும். சாவியைத் திருப்பியதும் பற்றிக்கொண்டது, செயின் சத்தம் இல்லை. புகைக்குழாயில் வெள்ளையாக வந்தது வெறும் நீராவி.

முன்பக்க இடது மட்கார்டின் போல்ட்டுகளில் பெயின்ட் உடையாமல் இருந்தது. வலது பக்கத்தில் ஸ்பேனர் பட்ட தடம். நான் கேட்கும் முன்பே ரைட்டர், "தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் உரசிவிட்டேன் சார், மட்கார்டு மாற்றியது" என்றார். உள்ளே சக்கரத்துக்கு மேலிருக்கும் ஏப்ரன் தகடும் அதன் ஸ்பாட் வெல்டும் கம்பெனியில் வந்தபடியே இருந்தன. உரசல்தான், மோதல் இல்லை. டயர்களின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிப்பவை. நான்கிலுமே கடைசி இலக்கங்கள் 19. பட்டன் (டயரின் வரிப்பள்ளம்) ஆழம் மிச்சம் இருந்தாலும் ஐந்து வயதான ரப்பரை ஈர மலைப்பாதையில் நான் நம்புவதில்லை. நாலு டயர் செலவு என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

பிறகு அவர் ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். காலிகோ அட்டை போட்ட நீளக் கணக்கு நோட்டு. தோட்டத்தில் ஆள்கணக்கு எழுதிப் பழகிய கை, சொந்தக் காருக்கும் பற்று எழுதியிருந்தது. தேதி, மீட்டர், லிட்டர், தொகை என்று நாலு கட்டம். ஓரத்தில் பொடி எழுத்தில் "ஆயில்", "காற்று", "பேட்டரி", "வைப்பர்". 2017-இல் முதல் பெட்ரோல் போட்ட நாள் முதல் ஒன்றையும் விடவில்லை. மீட்டரைக் குறைக்கப் பத்து நிமிடம் போதும்; ஏழு ஆண்டு மையின் நிறத்தை எப்படிக் குறைப்பது? சர்வீஸ் பில்களை எடுத்து ஐந்தாறு இடங்களில் ஒப்பிட்டேன். தேதியும் கிலோமீட்டரும் பொருந்தின.

எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருக்க நான் நோட்டில் கணக்குப் போட்டேன். அவர் எப்போதும் டாங்க் நிரப்புகிற ஆள், ஆகவே கணக்கு எளிது. மார்ச் 14: 304 கிலோமீட்டருக்கு 22 லிட்டர். லிட்டருக்குப் பதினான்குக்குச் சற்றுக் குறைவு. மலையில் இது நல்ல எண். முந்தைய ஆண்டுகளிலும் அப்படியே. ஆகஸ்ட் 30: 258 கிலோமீட்டருக்கு 21.5 லிட்டர். பன்னிரண்டு. பின்னோக்கிப் பார்த்தால் மே மாதத்திலிருந்து சரிவு. வண்டி எதையோ இழுத்துக்கொண்டு ஓடுகிறது. எதை என்று நோட்டில் இல்லை, ரைட்டருக்கும் தெரியவில்லை. "வயதாகிவிட்டது சார், எனக்கும் அதற்கும்" என்றார்.

இருபது வளைவு

பழைய கார் வாங்குகிறவர்கள் சேலம் பைபாஸில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்த்து, ஏ.சி.யில் கையை வைத்துப் பார்த்து, சரி என்கிறார்கள். சமதளத்தில் எந்த வண்டியும் ஓடும். நமக்கு இந்த ஊரில் வாய்த்திருக்கும் பரிசோதனைக்கூடம் அந்த இருபது வளைவுகள். அதை யாரும் பயன்படுத்துவதில்லை. அதிலும் எல்லோரும் ஏற்றத்தில்தான் சோதிக்க நினைப்பார்கள். நான் இறக்கத்தில் தொடங்கினேன்.

ரைட்டரையே ஓட்டச் சொன்னேன். விற்பவர் ஓட்டும் விதம் ஒரு சர்வீஸ் புத்தகம். மாப்பிள்ளை பைக்கில் பின்னால் வந்து புகைக்குழாயைக் கைப்பேசியில் படம்பிடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. "மச்சான், போலீஸ் வேலை மாதிரி இருக்கிறதே" என்றார். ஆனாலும் கிளம்புவதற்குள் கைப்பேசியை முன்விளக்குக்கு மேலே பொருத்திக்கொண்டு தயாராகிவிட்டார்.

ரைட்டர் இரண்டாவது கியரில் போட்டார். காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டு, இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்கினார். வளைவுக்கு முன் மட்டும் பிரேக்கில் ஒரு தொடல், உடனே விடுவிப்பு. ஏறி வரும் வண்டிக்கு ஒதுங்கி நின்று வழிவிட்டார். எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு என்பது பழைய லாரி டிரைவர்களின் பாடம். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிறவர்களின் வண்டியை நான் தொடுவதில்லை. அவர்களுடைய பிரேக் டிஸ்க் சூட்டில் நீலம் பாரித்திருக்கும்.

இறக்கத்தில் இன்னொன்றும் தெரியும். காலை எடுத்துவிட்டு இன்ஜினைத் தடையாக்கி இறங்கும்போது உறிஞ்சும் குழாயில் கடும் வெற்றிடம் உண்டாகும். வால்வு சீல் கெட்டிருந்தால் அந்த வெற்றிடம் ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துச் சேர்த்துவைக்கும். பிறகு முதல்முறை ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சேர்ந்தது எரிந்து குப்பென்று நீலப் புகை வரும். நிறுத்திவைத்து முறுக்கிப் பார்த்தால் இது தெரியாது. பதினொன்றாவது வளைவைத் தாண்டிய ஒரு சிறு சமதளத்தில் ரைட்டரை அழுத்தி மிதிக்கச் சொன்னேன். படத்தை அன்றிரவு நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். பின்னாலிருந்த மரங்கள் தெளிவாகத் தெரிந்தன.

அடிவாரத்தில் நிறுத்தியதும் நான் இறங்கி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோனேன். தொடக் கூடாது, அருகே கொண்டுபோனால் போதும். வலது முன் சக்கரம் இதமான சூடு. பின் சக்கரங்கள் அதைவிடக் குறைவு. இடது முன் சக்கரத்துக்குப் போனபோது கை தானாகப் பின்வாங்கியது. அதோடு ஒரு வாடை, இஸ்திரிப் பெட்டியின் கீழ் துணி தீய ஆரம்பிக்கும் வாடை. தங்கையின் தண்ணீர் பாட்டிலை வாங்கி, விரலை நனைத்து, ரிம்மின் இடைவெளி வழியாக டிஸ்க்கின் மேல் ஒரு சொட்டு தெறித்தேன். சுர்ரென்று காணாமல் போனது. வலது பக்கத்தில் அதே சொட்டு கொஞ்ச நேரம் நின்று, வழிந்து, மெதுவாக உலர்ந்தது.

பிரேக்கை விட்ட பிறகும் இடது பக்க பேட் டிஸ்க்கை விடவில்லை. பேட்டைப் பிடித்திருக்கும் கவ்வியான கேலிப்பர் முன்னும் பின்னும் நகர்வதற்கு இரண்டு பின்கள் உண்டு. அவற்றில் கிரீஸ் வறண்டால் இறுகிக்கொள்ளும். வண்டி நாள் முழுதும் ஒரு சக்கரத்தைப் பிரேக்கில் வைத்துக்கொண்டே ஓடும். நோட்டில் மே மாதத்திலிருந்து காணாமல் போன லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் இங்கேதான் எரிந்துகொண்டிருந்தது. ரைட்டரிடம் நோட்டைக் கேட்டேன். ஏப்ரல் கடைசியில் ஓரத்தில் ஒரு பொடி எழுத்து: "முன் பேட்". மாற்றியவர் பின்னுக்குக் கிரீஸ் வைக்கவில்லை, அவ்வளவுதான். ரைட்டர் நோட்டையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நானே எழுதி வைத்திருக்கிறேன், எனக்குப் படிக்கத் தெரியவில்லை பாருங்கள்" என்றார்.

ஏற்றத்தில் நான் ஓட்டினேன். மாப்பிள்ளையின் பைக்கை டீக்கடையில் விட்டுவிட்டு நாலு பேரும் ஏறிக்கொண்டோம், பாரம் வேண்டும். டிஸ்க் ஆறட்டும் என்று அரை மணி நேரம் நின்று, ஒரு தட்டுவடை செட் தின்றுவிட்டுக் கிளம்பினோம். பன்னிரண்டாவது வளைவுக்கு மேல் ஓர் ஏற்றத்தில், இரண்டாவதில் போக வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே மூன்றாவது கியரில் வைத்து முழுக்க மிதித்தேன். இன்ஜின் சுற்று 2,300-லிருந்து 3,000-க்குத் தாவியது, வேகமுள் நகரவில்லை. கிளட்ச் நழுவுகிறது. எதிர்பார்த்ததுதான். ஆனால் வெப்பமானி முள் ஏ.சி. போட்டபோதும் நடுவிலேயே நின்றது, கியர் தானாகக் கழலவில்லை, மேலே போய் நிறுத்தியதும் கூலன்ட் அளவு காலையில் பார்த்த கோட்டிலேயே இருந்தது. வளைவுகளில் முன்பக்கம் டக் டக் என்ற சத்தம், சஸ்பென்ஷனில் இருக்கும் லிங்க் ராடு, சின்னச் செலவு.

அன்று இறங்கி வரும்போதுதான் என் பழைய அறிவுரையை மாற்றிக்கொண்டேன். மலை வண்டி தேயும், உண்மை. ஆனால் எங்கே தேயும் என்பது தெரியும்: கிளட்ச், பிரேக், டயர், லிங்க் ராடு. எல்லாமே கழற்றி மாட்டக்கூடியவை, ஒவ்வொன்றுக்கும் கடையில் விலை உண்டு. கொண்டலாம்பட்டியில் பார்த்த அந்த வெள்ளைக் காரின் நோய்க்கு யாராலும் விலை சொல்ல முடியாது. முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய அழகான வண்டியைவிட, எழுபதாயிரம் ஓடி இன்ன இடத்தில் தேய்ந்திருக்கிறேன் என்று காட்டும் வண்டி எனக்கு மேல். மலை வண்டி என்று ஊர் ஒதுக்குவதால் விலையும் இறங்கிவரும். ஓட்டியவரைப் பார்க்காமல் மட்டும் இதைச் செய்யக் கூடாது; நியூட்ரல்காரரின் மலை வண்டிக்கு ஊர் சொல்வது அப்படியே பொருந்தும்.

விலையும், என் தவறும்

பேரம் என்று ஒன்று நடக்கவே இல்லை. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: கிளட்ச் செட், கூலியோடு 11,000. முன் டிஸ்க், பேட், கேலிப்பர் வேலை 6,500. டயர் நாலு 17,000. லிங்க் ராடு 1,800. மொத்தம் 36,300. ரைட்டர் தாளைக் கணக்குப்பிள்ளை கண்ணோடு கூட்டிப் பார்த்தார், சரியாக இருந்தது. "3,90,000. ஆயிரத்து முந்நூறை டீச்சர் எனக்கு விட்டுக்கொடுக்கட்டும்" என்றார். முடிந்தது. 50,000 முன்பணம்.

ஆர்.சி.யில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருந்தது. கடன் 2021-இலேயே முடிந்துவிட்டது, இதோ ஆட்சேபம் இல்லை என்னும் வங்கியின் என்.ஓ.சி. கடிதம் என்று காட்டினார். வாங்கிப் பார்த்தேன், முத்திரை, கையெழுத்து எல்லாம் சரி. பைக்குள் வைத்துக்கொண்டேன். கடிதத்தின் கீழே பொடி எழுத்தில் இருந்த வரியைப் படிக்கவில்லை: தேதியிலிருந்து 90 நாள் மட்டும் செல்லும். டீக்கறையைத் தூணுக்குள் தேடிய எனக்கு, கண் முன்னால் இருந்த தேதி தெரியவில்லை.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களோடு கடன் நீக்கத்துக்கான 35-ஆம் படிவத்தையும் நீட்டியபோதுதான் திருப்பிவிட்டார்கள். புதுக் கடிதம் வேண்டும். கடன் கொடுத்த கிளை வேறொரு கிளையோடு சேர்க்கப்பட்டிருந்தது. பழைய கணக்கைத் தேடி, மேலிடத்துக்கு எழுதி, கடிதம் வருவதற்குள் ஆறு வாரம். தீபாவளிக்கு வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்று தங்கை ஆசைப்பட்டிருந்தாள். தீபாவளி அக்டோபர் 31. பட்டாசுக் குப்பையைக் கூட்டி முடித்த பிறகும் வண்டி ஏற்காட்டில் ரைட்டர் வீட்டுக் கொட்டகையில்தான் நின்றது.

"பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், வண்டியை எடுத்துப் போகிறோம், பெயர் மாற்றம் பிறகு நடக்கட்டும்" என்று மாப்பிள்ளை கேட்டார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை, ரைட்டருக்காகத்தான். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. கார் பல கை மாறியிருந்தது, ஆர்.சி.யில் மட்டும் முதல் ஆளின் பெயர். விபத்துக்கு நட்டஈடு கொடுக்க வேண்டியவர் அந்த முதல் ஆளே என்றது நீதிமன்றம். பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர். விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு சொல்வது சும்மா அல்ல. கோயம்புத்தூரில் பேரனோடு இருக்கும் கிழவர் வீட்டுக்கு நோட்டீஸ் போகும் நிலையை உண்டாக்க எனக்கு மனம் இல்லை.

இன்சூரன்சிலும் ஒரு நுணுக்கம் உண்டு, என் தொழிலில் அடிக்கடி சண்டை வருவது இங்கேதான். வண்டி கைமாறினால் மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி வண்டியோடு போகும். ஆனால் நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு தானாக வராது. பாலிசியைப் புதியவர் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கிளெய்ம் இல்லாததற்கான தள்ளுபடி பழைய உரிமையாளரின் சொத்து, அவரோடு போய்விடும். ரைட்டருக்கு 50 சதவீதம் தள்ளுபடி இருந்தது. அந்த வித்தியாசத் தொகையைத் தங்கை கட்டியபோது முகம் சுருங்கியது. முன்பே சொல்லியிருக்கலாம், அதையும் மறந்திருந்தேன்.

நவம்பர் நடுவில் பெயர் மாறியது. அன்றே வண்டியை இறக்கி நேராகப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். கேலிப்பரைக் கழற்றியபோது ஒரு பின் கையால் இழுக்க வந்தது, இன்னொன்றைச் சுத்தியலால் தட்டி எடுக்க வேண்டியிருந்தது. உள்பக்க பேட் தகடு வரை தேய்ந்திருந்தது, வெளிப்பக்கத்தில் பாதி மிச்சம். கிளட்ச் பிளேட்டில் ரிவிட் தலைகள் தெரிந்தன. செலவு என் தாளில் எழுதியதைவிட 2,100 கூடுதல். பின் பிரேக் லைனிங்கையும் மாற்றச் சொன்னேன், அதை நான் திறந்து பார்த்திருக்கவில்லை.

பத்து மாதத்துக்கு மேல் ஆகிறது, 11,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது. இடையில் ஒரு பேட்டரி, இரண்டு வைப்பர், ஒரு முறை ஆயில். வேறு செலவு இல்லை. இரண்டாவது கியரில் இறங்கத் தங்கைக்கு இரண்டு ஞாயிறு பழக்கினேன். முதலில் இன்ஜின் இரைவதைக் கேட்டுப் பயந்தாள், இப்போது பின்னால் நியூட்ரலில் வருகிறவர்களைத் திட்டுகிறாள்.

ரைட்டர் ஊரைவிட்டுப் போகும்போது நோட்டையும் சாவியோடு கொடுத்துவிட்டுப் போனார். பாதிப் பக்கம் காலியாக இருந்தது. அவருடைய நீல மைக்குக் கீழே தங்கை சிவப்பு மையில் தொடர்கிறாள். விடைத்தாள் திருத்தும் பேனா. டாங்க் நிரப்பும்போதெல்லாம் ஒரு வரி. மைலேஜ் பதினான்குக்கு அருகில் திரும்பியிருந்தது. சென்ற வாரம் வீட்டுக்குப் போனபோது புரட்டினேன். கடைசி இரண்டு வரிகளில் 13.1, 12.7. ஓரத்தில் "இ. முன் சூடு?" என்று எழுதிக் கேள்விக்குறிக்கு இரட்டைக் கோடு போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர் பாட்டிலோடு அடிவாரத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.